பயந்த பிள்ளை கீழேதான் போகும்

முத்துலட்சுமி எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பெண். கடைக்குக் கிளம்பினால் தெருமுனை வரை போய், கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவாள். லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். ஐப்பசி பிறந்துவிட்டால் காதில் அடைத்துக்கொள்ளக் கைப்பையில் பஞ்சு வைத்திருப்பாள். மயிலாப்பூரில் அவள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. ஆனால் சிரித்தவர்களேதான் தங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார்கள். இரண்டு வயதுக் குழந்தை வாயில் பட்டனைப் போட்டால், அடுப்படியில் நிற்கிற முத்துலட்சுமிக்குத் தெரிந்துவிடும். பயந்தவள் கையில் பிள்ளை பத்திரம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

கணவர் அய்யாதுரை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர். இருவருக்கும் சாத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி இருபத்துநாலு வருடம், குழந்தை இல்லை. பன்னிரண்டு வருடமாகத் தரைத்தளத்து வீட்டின் கூடத்தில் பாய் விரித்து, எட்டு ஒன்பது பிள்ளைகளை அவள் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2023 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அய்யாதுரை சொன்னார்.

"கடைல பில் போடுறதுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. சிந்துன்னு பேரு, தென்காசிக்காரி. சூடான்ல சண்டை நடக்குதுல்ல, அங்க மாட்டிக்கிட்டுத் தப்பிச்சு வந்த குடும்பம். ரெண்டு பொம்பளப்பிள்ளைங்க. உன்கிட்ட விடலாமான்னு கேக்குறா."

முத்துலட்சுமி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "குண்டு விழுந்த ஊர்ல இருந்து வந்த பிள்ளைங்களா? எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாதுங்க."

"மத்த பிள்ளைங்க மாதிரிதான். சோறு போட்டுத் தூங்க வைக்கப் போற."

மறுநாள் காலை சிந்து வந்தாள். கூடவே தாரணி, எட்டு வயது. தாரணியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷ்ரேயா, மூன்றரை வயது. தாரணி உள்ளே நுழைந்ததும் பொம்மைகளைப் பார்க்கவில்லை. ஜன்னல்களைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தாள். திரும்பி வந்து, ஜன்னல் இல்லாத சுவரோரம் தங்கையை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

சிந்து வாசலிலேயே நின்று தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவன் வெங்கடேஷ் கார்ட்டூமில் ஒரு ஆலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தான். மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தார்கள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை சண்டை தொடங்கியது. பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரமுடியவில்லை. விமானச் சத்தம் கேட்டால் கட்டடத்தில் தரைக்குக் கீழே இருந்த கிடங்குக்கு ஓடவேண்டும். கரண்ட் இல்லை, நாலாம் நாள் தண்ணீரும் நின்றது. எதிர்வீட்டுச் சூடானியப் பெண் தண்ணீர் பிடிக்கப் போனவள் திரும்பவில்லை. வாசலில் அவள் குடம் மட்டும் இரண்டு நாள் கிடந்தது. அப்புறம் வழியெல்லாம் துப்பாக்கிக்காரர்களின் சோதனையைத் தாண்டி, பஸ், கப்பல், விமானம் என்று மாறிமாறி வந்து சேர்ந்தார்கள். வந்து ஒரு மாதத்தில் வெங்கடேஷுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, போய்விட்டான்.

"சின்னவ அக்காகிட்ட மட்டும்தான் பேசுவா, அக்கா. அதுவும் காதுக்குள்ள. வேற யாருகிட்டயும் பேசமாட்டா" என்றாள் சிந்து. "பெரியவ நல்லாத்தான் இருக்கா. தொந்தரவே கிடையாது."

தொந்தரவே இல்லாத பிள்ளைதான் முத்துலட்சுமியைப் பயமுறுத்தியது. முதல் நாள் குக்கர் விசில் அடித்ததும் இரண்டு பேரையும் காணோம். தேடினால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்த ஒரு முழ இடத்தில் தாரணி தங்கையின் மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. விசில் நின்று கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். தண்ணீர் பாட்டில் எது காலியானாலும் நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைத்தாள். சாயங்காலம் கொடுக்கும் பிஸ்கட்டில் ஒன்றை எப்போதும் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து விளையாட்டு வந்தது. தாரணி பிளாஸ்டிக் பேட்டைத் துப்பாக்கி போலத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடிப்படி முன்னால் நின்றாள். மற்ற பிள்ளைகள் வரிசையாக வரவேண்டும். "போன் எடு. பை திற. அப்பா எங்க? கீழ உக்காரு. தலையில கை வை." சரியாகச் செய்யாதவர்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினாள். இரண்டாம் மாடியில் குடியிருந்த ஸ்ரீரங்கன், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், குடியிருப்புச் சங்கச் செயலாளர், காய்கறிப் பையோடு ஏறி வந்தார். அவரையும் நிறுத்தினாள்.

"போன் எடு."

"என்னம்மா இது, நன்னா இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே நகரப் போனார். தாரணி பேட்டை அவர் வயிற்றில் வைத்து அழுத்தினாள். அவள் கண்ணைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. உண்மையாகவே போனை எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. சுவர்ப் பக்கம் நிறுத்தப்பட்ட ஒரு குழந்தையின் அம்மா மறுநாளிலிருந்து குழந்தையை அனுப்பவில்லை. ஸ்ரீரங்கன் கீழே இறங்கி வந்து, "அந்தக் கொழந்தய நான் குத்தம் சொல்லலைம்மா. ஆனா ஆத்துல மத்த கொழந்தேளும் இருக்காளோல்லியோ? யாராவது டாக்டர்ண்ட அழைச்சுண்டு போகச் சொல்லு" என்றார்.

சிந்துவுக்கு லீவு கிடைக்கவில்லை. கடையில் கூட வேலை செய்கிற யாரோ கொடுத்த முகவரியை வைத்துக்கொண்டு, முத்துலட்சுமிதான் முதலில் அடையாறுக்குப் போனாள். ஒரு மருந்துக்கடைக்கு மேலே, சின்ன அறக்கட்டளை அலுவலகம். அங்கே அஸ்மத்துன்னிசா என்ற பெண் இருந்தாள். குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்பவள். முப்பது வயதுகூட இருக்காது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த விளையாட்டைத் திட்டி நிறுத்தாதீங்கக்கா. அது அவ உள்ள இருக்கறது வெளிய வர்ற வழி. யாரையும் தொடக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க. வாராவாரம் ரெண்டு பேரையும் நான் பாக்கறேன். அவங்க அம்மாகிட்டயும் பேசறேன்."

"பயந்து ஒளியுறப்ப நான் என்ன சொல்ல?"

"ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. அவங்களுக்கு ஆயிருக்கு. உங்களுக்கு உண்மையா தெரிஞ்சதைச் சொல்லுங்க. என்ன சத்தம், எப்ப வரும், எத்தனை தடவை, எப்ப முடியும்னு. முன்னாடியே சொன்னா பாதி பயம் போயிடும்."

அப்போது கீழே ரோட்டில் ஏதோ ஒரு வண்டியின் டயர் வெடித்தது. முத்துலட்சுமி நாற்காலியைவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அஸ்மத்துன்னிசா எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, "உங்களுக்கு எத்தனை வருஷமாக்கா இப்படி?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு முத்துலட்சுமி கிளம்பி வந்துவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பழையது நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பத்து வயதில் நடந்தது அது. அவளுடைய அக்கா செல்வம் ஒரு பட்டாசு ஆலையில் திரி சுற்றப் போவாள். பரீட்சை லீவில் ஒருநாள் அக்காவுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனாள் முத்துலட்சுமி. ஆலை வாசலுக்கு ஐம்பது அடி இருக்கும்போது பூமி அதிர்ந்தது. அப்புறம் வரிசையாக வெடித்தது. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகப் போட்டிருந்த சிமென்ட் குழாய்க்குள் அவள் புகுந்துகொண்டாள். சாயங்காலம் வரை அதற்குள்ளேயே கிடந்தாள். யார் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வாயைத் திறக்க முடியவில்லை. கடைசியில் சித்தப்பா காலைப் பிடித்து இழுத்தார். "பயப்படாத, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தூக்கிப்போனார். வீட்டுக்குப் போனால் அக்கா இல்லை. அன்றிலிருந்து யார் ஒண்ணும் இல்லை என்று சொன்னாலும் அவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அய்யாதுரைக்கு அக்கா செத்தது தெரியும். குழாய்க்குள் கிடந்தது தெரியாது. யாருக்கும் தெரியாது.

மறுநாள் குக்கரை அடுப்பில் வைத்ததும் கூடத்துக்கு வந்து சொன்னாள். "தாரணி, மூணு விசில் வரும். முதல் விசிலுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும். மூணாவது அடிச்சதும் நிறுத்திருவேன்." தாரணி கடிகாரத்தைப் பார்த்தாள். விசில் வந்தபோது உடம்பு தூக்கிப் போட்டது. ஆனால் ஓடவில்லை. மூன்று விரலை மடக்கினாள். ஒரு வாரத்தில் ஷ்ரேயாவும் விரலை மடக்கினாள்.

அப்படித்தான் மெதுவாகச் சரியாகிக்கொண்டு வந்தது. அந்த வருடத் தீபாவளியன்று சிந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பகல் ரயிலில் ஏறிவிட்டாள். ஏசி பெட்டியில் ஜன்னல் திறக்காது, வெளிச் சத்தம் வராது. டிசம்பர் மழையில் வேளச்சேரியில் வீடு முங்கிய ஒரு குடும்பத்தின் பிள்ளை வந்து சேர்ந்தபோது, தாரணிதான் அதற்குக் கட்டிலடியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த ஜூனில் ஷ்ரேயா முத்துலட்சுமியின் காதுக்குள் முதல் தடவையாகப் பேசினாள். "ஆன்ட்டி, உப்புமா வேணாம்" என்றாள். முத்துலட்சுமி அன்று உப்புமாவைக் கொட்டிவிட்டுத் தோசை ஊற்றினாள். எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

2024 அக்டோபர் தொடக்கம், காலாண்டு விடுமுறை. பிள்ளைகள் நாள் முழுக்க அவள் வீட்டில்தான். கடற்கரையில் விமான சாகசக் காட்சி நடக்கப்போகிறது என்று குடியிருப்பின் வாட்ஸ்அப்பில் வந்ததும் முத்துலட்சுமிக்குத் தூக்கம் போய்விட்டது. அடையாறில் அஸ்மத்துன்னிசாவுக்குப் போன் பண்ணிக் கேட்டாள். பிறகு தாரணியை உட்காரவைத்து, படம் காட்டி, விவரமாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வரும். ரெண்டு மணி நேரம். நாம அன்னைக்கு இங்க இருக்கப்போறதில்ல, காலைலேயே காஞ்சிபுரம் போயிருவோம்."

"ஞாயித்துக்கிழமை மட்டும்தானே?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

ஒத்திகை என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது.

அது வாரநாள். காலை பத்தரை இருக்கும். அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் ஜன்னல் கண்ணாடி படபடவென்று அதிர்ந்தது. அடுத்த நொடி வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் கட்டடத்தின் மேலேயே போனது.

முத்துலட்சுமிக்கு நினைவு வந்தபோது அவள் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தியிருந்தாள். இரண்டு கையும் காதில். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. கூடத்தில் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிளேன்! பிளேன்!" என்று குதித்துக்கொண்டிருந்தன. அவள் எழுந்து ஓடி வந்தாள். தலையை எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்துதான். தாரணியும் ஷ்ரேயாவும் இல்லை.

அலமாரி இடுக்கில் பார்த்தாள். கட்டிலடியில், குளியலறையில், பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். குரல் எழும்பவில்லை. வாசலுக்கு வந்தபோது ஸ்ரீரங்கன் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"பிள்ளைங்களக் காணோம் சார். தாரணியும் சின்னவளும்."

அவர் முகம் மாறியது. "ஒத்திகைன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, நீ பார்க்கலையா? மொட்டை மாடில எல்லாரும் நின்னுண்டிருக்கா. அங்க வேடிக்கை பார்க்கப் போயிருப்பாளோ?"

அவர் மேலே ஏறினார். முத்துலட்சுமியும் இரண்டு படி ஏறினாள். அப்படியே நின்றாள். பயந்த பிள்ளை மேலே போகாது. கீழேதான் போகும். இருக்கிறதிலேயே கீழான இடத்துக்குப் போகும். அது அவள் உடம்புக்குத் தெரியும்.

அந்தக் கட்டடத்தில் தரைக்குக் கீழே இருந்தது ஒன்றே ஒன்றுதான். அடுப்படிப் பின்கதவுக்கு வெளியே, பக்கவாட்டுச் சந்தில் இருந்த தண்ணீர்த் தொட்டி, சம்ப். மழைக்காலத்துக்கு முன்னால் கழுவவேண்டும் என்று அன்று காலைதான் இரண்டு ஆட்கள் வந்து, தண்ணீரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். மூடி திறந்து, உள்ளே ஏணி இறக்கியபடியே கிடந்தது.

பின்கதவுத் தாழ்ப்பாள் திறந்திருந்தது. அவள் வெளியே வந்தாள். தெருவில் தண்ணீர் லாரி நின்றது. அதிலிருந்து தடித்த குழாய் ஒன்று சந்து வழியாக வந்து சம்ப்புக்குள் இறங்கியிருந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. லாரிக்காரனும் சின்னப்பையன் என்ற வாட்ச்மேனும் தெருவில் நின்று, கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாரணி!"

பதில் இல்லை. குனிந்தாள். இருட்டு. பிளீச்சிங் நெடி முகத்தில் அடித்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் ஒரு சின்ன இருமல் கேட்டது.

"தண்ணிய நிறுத்து! ஏ சின்னப்பையா! நிறுத்து!"

இத்தனை வருடத்தில் முத்துலட்சுமி அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. சின்னப்பையன் திடுக்கிட்டுத் திரும்பினான். "இன்னாக்கா? இன்னா ஆச்சு?"

"பிள்ளைங்க உள்ள இருக்கு!"

"ஐயோ! டேய், வால்வை மூடு, மூடுடா! உள்ள பசங்க கீதாம்!"

அவள் அதற்குள் ஏணியில் காலை வைத்துவிட்டாள். எட்டடி ஆழம். ஒரு ஆள் நுழைகிற ஓட்டை. லிஃப்டில் ஏறாதவள் அதில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது. மூலையில், குழாயிலிருந்து தள்ளி, தாரணி சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஷ்ரேயாவைத் தோளுக்கு மேல் தூக்கி வைத்திருந்தாள். கை நடுங்கியது, ஆனால் இறக்கவில்லை.

"தண்ணி வருதுல்ல தாரணி, ஏன் மேல வரல?"

"சத்தம் நிக்கல ஆன்ட்டி. சத்தம் நின்னாத்தான் மேல போகணும். அப்பா சொல்லியிருக்காங்க. சத்தம் கேட்டா யோசிக்காம பாப்பாவத் தூக்கிட்டுக் கீழ ஓடணும்னு."

அந்த நேரத்தில் மறுபடி வந்தது. சிமென்ட் தொட்டிக்குள் அது வேறு மாதிரிக் கேட்டது, சுவரே உறுமியது. முத்துலட்சுமி கண்ணை இறுக மூடிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் திறந்தபோது தாரணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னீங்க" என்றாள்.

"ஆமா. தப்பாச் சொல்லிட்டேன். ஒத்திகை உண்டுன்னு எனக்குத் தெரியல."

"குண்டு போடுமா?"

"போடாது."

"எப்படித் தெரியும்? அங்கயும் அப்பா முதல் நாள் அப்படித்தான் சொன்னாங்க."

மேலேயிருந்து சின்னப்பையன் எட்டிப் பார்த்து, "யக்கா, புடிச்சி இஸ்துனு வரவா?" என்று கேட்டான். தாரணி சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"நீ வராத. அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு, முத்துலட்சுமி தண்ணீரில் உட்கார்ந்தபடியே பேசினாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு தாரணி. முதல் சத்தத்துக்கு நான் ஃபிரிட்ஜ் பக்கத்துல ஒளிஞ்சிக்கிட்டேன். உங்கள அப்ப நான் பாக்கல. பாத்திருக்கணும். சின்னப்பிள்ளையா இருக்கறப்ப நானும் இப்படி ஒரு குழாய்க்குள்ள போய்ப் படுத்துக்கிட்டேன். கூப்பிட்டாங்க, வரல. நீ தப்புப் பண்ணல. அங்க இதுதான் சரி. ஆனா இது வேற எடம். இது பதுங்குற எடம் இல்ல, தண்ணித் தொட்டி. எனக்கு உறுதியாத் தெரிஞ்சது ரெண்டுதான். இந்த நெடி பாப்பாவோட மூச்சுக்குக் கெடுதல். பாப்பாவுக்கு இருமல் வந்திருச்சு. அவளை மேல கொண்டுபோகணும்."

தாரணி தங்கையைப் பார்த்தாள். ஷ்ரேயாவின் கண்ணிலிருந்து நீராகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"மேல போனா எங்க ஒளியுறது?"

"மாடிப்படிக்கு அடியில. மேல கான்கிரீட்டு, மூணு பக்கம் சுவரு. நானும் உங்ககூட வந்து படுத்துக்கிறேன்."

தாரணி யோசித்தாள். பிறகு அவள் ஷ்ரேயாவை நீட்டினாள். "பாப்பாவ முதல்ல."

முத்துலட்சுமி ஏணியில் இரண்டு படி ஏறித் தூக்கிக் கொடுக்க, சின்னப்பையன் ஷ்ரேயாவை வாங்கிக்கொண்டான். தாரணி ஏணியில் பாதி வந்ததும் தூரத்தில் அடுத்த இரைச்சல் கேட்டது. அவள் திரும்ப இறங்கப் பார்த்தாள். கீழே முத்துலட்சுமி அவள் இரண்டு காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சத்தம் தலைக்கு மேல் போகிற வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். போனதும் ஏறினார்கள்.

மாடிப்படிக்கு அடியில், மின்சார மீட்டர்கள் இருந்த இடத்தில், சின்னப்பையன் தன் பாயை விரித்தான். ஷ்ரேயாவின் முகத்தை நல்ல தண்ணீரில் கழுவி நடுவில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஈரத்தோடு படுத்தார்கள். மாடி வீட்டுப் பெண் ஒருத்தி மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். ஸ்ரீரங்கன் மூச்சு வாங்க இறங்கி வந்தார். கையில் அன்றைய பேப்பர். எதிரே படியில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"பன்னண்டு மணி வரைக்கும்தான்னு போட்டிருக்கான். இப்போ மணி பதினொண்ணு அஞ்சு." அவர் தாரணியைப் பார்த்தார். "நான் மொட்டை மாடிக்குப் போறேன். வரது கண்ணுக்குத் தெரிஞ்ச உடனே சொல்றேன். அப்பறம்தான் சத்தம் வரும். சரியா?"

எழுபத்திரண்டு வயது மனிதர் மொட்டை மாடி வரை படி ஏறினார். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு இடைவெளி வழியாக அவர் குரல் வந்தது.

"தெக்கேந்து மூணு வந்துண்டிருக்கு!"

தாரணி ஷ்ரேயாவின் காதைப் பொத்தினாள். முத்துலட்சுமி தாரணியின் காதைப் பொத்தினாள். சத்தம் வந்தது, போனது.

"போயாச்சு! வடக்கே போயிடுத்து!"

பன்னிரண்டு மணி வரை அப்படியே நடந்தது. ஏழு தடவை. கடைசிக்கு முந்தைய தடவை ஷ்ரேயா தூங்கிப்போயிருந்தாள். பன்னிரண்டு ஐந்துக்கு ஸ்ரீரங்கன் இறங்கி வந்து, தொண்டை கட்டிப்போய், "அவ்வளவுதான்" என்றார்.

ஷ்ரேயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் ஒன்றும் இல்லை, கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து போதும் என்றார்கள். சிந்து கடையிலிருந்து ஓடி வந்தாள். முத்துலட்சுமி எதையும் மறைக்கவில்லை. தாழ்ப்பாள் கவனிக்காமல் விட்டதையும், தான் ஒளிந்துகொண்டதையும் சொன்னாள்.

"உங்கள நம்பித்தானேக்கா விட்டேன்" என்றாள் சிந்து. அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து பிள்ளைகள் வரவில்லை. கூடத்தில் மூன்று பிள்ளைகள் மட்டும். முத்துலட்சுமி பாயை விரித்து, பின்கதவுக்குப் பூட்டுப் போட்டு, நிமிடத்துக்கு ஒருதரம் எண்ணிக்கொண்டிருந்தாள். காஞ்சிபுரப் பயணம் நின்றுபோனது; அந்த ஞாயிற்றுக்கிழமை விமானங்கள் பறந்தபோது, அய்யாதுரை கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தங்களுக்கு நடுவில், அக்காவைப் பற்றியும் சிமென்ட் குழாயைப் பற்றியும் அவள் அவரிடம் சொன்னாள். "இத்தனை வருஷம் நீ காதுல பஞ்சு வைக்கிறதுக்குச் சிரிச்சேனே" என்றார். அடுத்த வியாழக்கிழமை அவள் அடையாறுக்குப் போனாள். இந்தத் தடவை தனக்காக.

பதினைந்து நாள் கழித்து சிந்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"பக்கத்துத் தெருவுல ஒரு எடத்துல விட்டேன். பெரியவ அங்க சாப்பிட மாட்டேங்குறா. இங்கதான் வரணுமாம்." கொஞ்சம் தயங்கினாள். "'அந்த ஆன்ட்டி பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுவாங்கம்மா, நீங்க சொல்லமாட்டீங்க'ன்னு சொல்லுறா. நான் அங்க ஒரு நாள்கூட அழல அக்கா. பிள்ளைங்க பயந்துரும்னு அழல."

அப்போதுதான் அழுதாள். முத்துலட்சுமி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். முத்துலட்சுமிக்குப் பயம் போகவில்லை. வருகிற ஒவ்வொரு சத்தத்தையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாது என்று அவளுக்கு இப்போது தெரியும். அதனால் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள். கோயில் திருவிழா வேட்டு எப்போது என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டால், "தெரியல, வந்தா என் பக்கத்துல வந்துரு" என்பாள். ஷ்ரேயா இப்போது எல்லோரிடமும் பேசுகிறாள், நிறுத்துவதுதான் கஷ்டம். தாரணி இப்போதும் எப்போதாவது ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருப்பாள்.

2025 மே மாதக் கடைசியில் அஸ்மத்துன்னிசா போன் செய்தாள். காஷ்மீர் எல்லையோர ஊரில் பட்டாளத்தில் இருப்பவரின் மனைவி, ஆறு வயதுப் பெண்ணோடு மந்தைவெளியில் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அங்கே பீரங்கிக் குண்டுகள் விழுந்த நாலு நாளும் அந்தக் குழந்தை அங்கேதான் இருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள முடியுமா?

முத்துலட்சுமி, "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தாள். அரைமணி நேரம் அடுப்படியில் சும்மா நின்றாள். பிறகு கூப்பிட்டு, வரச்சொன்னாள்.

அந்தக் குழந்தை ஷூவோடு கூடத்துக்குள் வந்தது. அம்மா கழற்றச் சொன்னாள். குழந்தை காலை உள்ளிழுத்துக்கொண்டது. "தூங்கும்போதும் கழட்டமாட்டேங்குறா, என்ன பண்றதுன்னே தெரியல" என்று அம்மா சங்கடப்பட்டுக்கொண்டே குனிந்து வாரைப் பிடித்தாள். குழந்தையின் உதடு துடிக்க ஆரம்பித்தது.

சுவரோரம் விடுமுறைக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த தாரணி நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்ருங்க ஆன்ட்டி" என்றாள் அந்த அம்மாவிடம். "ஓடணும்னா ஷூ வேணும்ல?"

பிறகு நகர்ந்து, பாயில் தன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.